மாப்பிள்ளை இன்னும் பசியாறவில்லை

ஹமீதுக்குக் கல்யாணமாகி இன்றோடு பத்து நாள். பத்து நாளில் உடம்பில் ஏறியது இரண்டு கிலோ அறுநூறு கிராம்.

மற்ற புது மாப்பிள்ளைகளுக்கு இது பெருமை. ஹமீதுக்கு வேலையே போகிற பயம். துபாயில் ஒரு பெரிய மாலில் வாசலில் நிற்கிற செக்யூரிட்டி அவன். எண்பத்திரண்டு கிலோவுக்கு மேல் போகக் கூடாது என்பது அந்தக் கம்பெனிச் சட்டம். ஏற்கெனவே ஒரு தடவை கோட்டைத் தாண்டி எச்சரிக்கை வாங்கியிருக்கிறான். லீவு முடிந்து திரும்பியதும் மறுபடி மெஷினில் ஏற்றுவார்கள். இரண்டாவது தடவையும் தாண்டினால் ஊருக்கு டிக்கெட்.

இதை, இப்போது தங்கியிருக்கிற மாமனார் வீட்டில் சொல்ல முடியாது. அங்கே அவன் மேனேஜர். பெண் பேச வந்த தரகர் அப்படிச் சொல்லி வைத்தார், ஹமீது மறுக்கவில்லை. அதுதான் அவன் செய்த தப்பு.

போன வாரம் பெட்டியில் துணி அடுக்கப் போன மனைவி ஜெசிமாவின் கையில் அவனுடைய கம்பெனி அடையாள அட்டை சிக்கியது. நீலத் தொப்பியும் விசிலுமாக நிற்கிற புருஷனின் படத்தை அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். அழவில்லை. கெடு வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முன்னாடி எங்க அத்தாகிட்ட நீங்களாச் சொல்லிருங்க மச்சான். இல்லன்னா நான் சொல்லுவேன்."

இன்று வியாழன்.

விடிகாலையில் கூடத்தில் சத்தம் கேட்டு எழுந்து வந்தான். மாமனார் அப்துல் ஜலீல் வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலியில் தயாராக இருந்தார். எதிரே மாமியார் மெஹராஜ் பேகம் தட்டோடு நின்றார்.

"சஹர் சாப்பிடாம என்னங்க நோன்பு? நாலு வாய் அள்ளிப் போட்டுட்டுப் போங்களேன்."

"இது நோன்பு இல்ல மெஹராஜ், உண்ணாவிரதம். சஹர் சாப்பிட்டுட்டு வந்து உக்காந்தேன்னு தெரிஞ்சா அந்தத் தியாகராசன் ஊரு பூரா மேளம் அடிப்பான்."

விஷயம் இதுதான். பாபநாசம் ரோட்டுக்கு மேற்கே, குடமுருட்டி ஆற்றங்கரையில் ஜலீலுக்கு ஒன்பது மா நஞ்சை, அதாவது மூன்று ஏக்கர். கதிர் வாங்கி நிற்கிற குறுவை நெல்லை இரண்டாகக் கிழித்துக்கொண்டு புறவழிச்சாலை போகப் போகிறது என்று நோட்டீஸ் வந்துவிட்டது. நாளை சர்வேயர் கல் ஊன்ற வருகிறார். அதை எதிர்த்து இன்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை கடைத்தெருவில் உண்ணாவிரதம். பந்தலில் ஜலீலுக்குப் பக்கத்து நாற்காலி தியாகராசனுக்கு. அந்த ஒன்பது மாவையும் குத்தகைக்கு உழுகிறவர் அவர். குத்தகை விஷயமாக இரண்டு பேரும் பதினைந்து வருடமாகக் கோர்ட்டில் எதிரெதிரே நிற்கிறார்கள். நிலமே போகப் போகிறது என்றதும், கேஸை அப்படியே வைத்துவிட்டுப் பந்தலுக்கு மட்டும் ஒன்று சேர்ந்திருந்தார்கள்.

ஜலீல் கிளம்பிப் போனதும் மெஹராஜ் பேகம் அடுப்பங்கரைக் கதவைச் சாத்தினார்.

"அவங்க பட்டினியா உக்காந்திருக்க, நான் இங்க அடுப்பு பத்த வைக்கிறதா? ஆனா உங்களுக்கு மட்டும் ஏதாச்சும் செஞ்சு தர்றேன் மாப்ள. மாப்பிள்ளை பசியாறாம இருந்தா எனக்குப் பொறுக்காது."

காலைச் சாப்பாட்டை அந்த வீட்டில் பசியாறுவது என்பார்கள். ஒன்பது நாளாக ஹமீது பசியாறியதில் பரோட்டா, பாயா, இடியாப்பம், முட்டைப் பணியாரம், வட்டலப்பம் எல்லாம் அடக்கம். போதும் என்று கையை மறித்தால் விரலிடுக்கு வழியாக ஊற்றுவார்கள்.

இன்று அல்லாஹ்வாகப் பார்த்து லீவு விட்டிருக்கிறான்.

"வேணாம் மாமி! மாமா சாப்பிடாதப்ப எனக்கு மட்டும் எப்படி இறங்கும்?"

மாமியார் கண் கலங்கிவிட்டது. ஜெசிமா மட்டும் கதவோரம் நின்று அவனை ஒரு மாதிரி பார்த்தாள். அவளுக்குத் தெரியும், இது பாசமில்லை, எண்பத்திரண்டு கிலோ.

*

இளையபெருமாள் ஜிம் வைத்திருப்பது மூடிப்போன அரிசி ஆலையின் கிட்டங்கியில். நெல் மூட்டை நிறுத்த பழைய தராசுதான் அங்கே ஆளையும் நிறுக்கும்.

"எண்பத்தி நாலு அறுநூறு. ஒரு மூட்டை நெல்லும் அரை மூட்டை தவிடும் சேந்த மாதிரி இருக்கீங்க பாய்," என்றான் இளையபெருமாள்.

ஹமீது கோபத்தில் வழக்கத்துக்கு இரண்டு மடங்கு செய்தான். தண்டால் நூறு. பஸ்கி இருநூறு. எட்டரை மணிக்குக் கீழே உட்கார்ந்தபோதுதான் பசி வந்தது. சாதாரணப் பசியில்லை. சுவரில் ஒட்டியிருந்த உளுந்து விளம்பரத்தைப் பார்த்து எச்சில் ஊறுகிற பசி.

"அரை மணிக்குள்ள எதாவது சாப்பிட்டுருங்க," என்றான் இளையபெருமாள். "இல்லன்னா செஞ்சதெல்லாம் ஆத்தோட போச்சு. உடம்பு சதையத் திங்க ஆரம்பிச்சிரும்."

"என்ன சாப்பிடலாம்?"

"ரெண்டு வாழைப்பழம், நாலு முட்டை."

"பழம் வேணாம், இனிப்பு. எடை ஏறிரும்."

"அப்ப வெள்ளைக்கரு மட்டும். ஆறு."

வீட்டிலோ அடுப்பில்லை. வேண்டாம் என்று சொன்னதும் அவனேதான். அரை மணியில் ஐந்து நிமிஷம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது.

கடைத்தெருவில் ராசம்மாள் இட்லிக் கடை. ஆவி பறக்கிற பொங்கல் சட்டியைத் தாண்டிப் போவதற்குள் ஹமீதுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தராசு கண்ணுக்குள் ஆடியது.

"அவிச்ச முட்டை ஆறு குடுங்கக்கா. பார்சல்."

"ஆறா? வீட்டுல விருந்தாளியா மாப்ள?"

"இல்ல, எனக்குத்தான். வெள்ளை மட்டும் சாப்பிடுவேன்."

"மஞ்சக்கரு என்னங்க பாவம் பண்ணுச்சு?" ராசம்மாள் ஒவ்வொன்றாக எண்ணிப் பையில் போட்டாள். "இங்கனயே உக்காந்து சாப்பிட்டுப் போகலாம்ல?"

"எப்படிக்கா?"

"அதுவும் சரிதான். ஜலீல் பாய் வீட்டு மாப்பிள்ளை என் கடையில திங்கிறாருன்னு தெரிஞ்சா, மெஹராஜ் பேகம் வந்து என் அடுப்புல தண்ணி ஊத்திட்டுப் போயிரும்."

புது மாப்பிள்ளை மாமனார் ஊரில் கடையில் சாப்பிடக் கூடாது. வீட்டில் சோறு போடவில்லையா என்று ஊர் கேட்கும். நாற்பது நாளைக்கு இதுதான் சட்டம். ஹமீது முட்டைகளை ஜிம் பைக்குள் திணித்துக்கொண்டு மறைவான இடம் தேடினான். பள்ளிவாசல் பக்கம் ஆள். பஸ் நிறுத்தத்தில் ஆள். வாய்க்கால் மதகில்கூட ஒருவர் துண்டை விரித்துப் படுத்திருந்தார். கடைசியில் ஒரு பச்சைத் துணி மறைப்பு கண்ணில் பட்டது. பின்னால் யாருமில்லை. குனிந்து உள்ளே நுழைந்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவசர அவசரமாக ஒரு முட்டையை உரித்தான். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

துணி விலகியது.

"ஏய், இங்க பாருங்கப்பா! ஜலீல் பாய் மருமகன்! பின்னாடி ஒதுங்கி உக்காந்திருக்காரு!"

அவன் நுழைந்திருந்தது உண்ணாவிரதப் பந்தலின் முதுகுப்புறம்.

உரித்த முட்டை எப்படிச் சட்டைப் பைக்குள் போனது என்று அவனுக்கே தெரியாது.

"வெக்கப்படாதீங்க மாப்ள! முன்னாடி வாங்க!" நான்கு பேர் தோளைப் பிடித்து மேடைக்குத் தள்ளினார்கள். கழுத்தில் ஒரு கதம்ப மாலை விழுந்தது. ஒலிபெருக்கி அலறியது. "துபாயிலிருந்து லீவுல வந்திருந்தாலும், மாமனாரின் நிலம் காக்கத் தன் பசியைத் துச்சமென மதித்து..."

ஜலீல் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த பெருமையைப் பார்த்த பிறகு, இறங்கிப் போக ஹமீதுக்கு மனம் வரவில்லை. அப்படியே மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தான்.

*

பந்தலுக்கு ஆளுங்கட்சிக்காரர் நாற்காலி கொடுத்திருந்தார். எதிர்க்கட்சிக்காரர் மைக்செட் கொடுத்திருந்தார். இரண்டு பேருமே நேரில் வரவில்லை. பத்திரிகை நிருபர் ஒருவர் மட்டும் வந்து, ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தார். வேப்பமரத்தடியில் பெண்கள் கூட்டம். மெஹராஜ் பேகமும் ஜெசிமாவும் அங்கே.

பத்தரை மணிக்குத் தியாகராசன் மூக்கை உறிஞ்சினார்.

"பாய், முட்டை வாசம் வருதுல்ல?"

"பசி வந்தா உங்களுக்கு அப்படித்தான் வரும்," என்றார் ஜலீல். "தாங்க முடியலன்னா எந்திரிச்சுப் போங்க. யாரும் தப்பா நெனைக்க மாட்டோம்."

"நானா? நீங்க போனதுக்கு அப்புறம்தான் நான் போவேன்."

"அப்ப உங்க ஆயுசுக்கும் இங்கதான்."

"கேசுலயும் இதத்தான் சொன்னீங்க. வாய்தாவுக்கு வாய்தா வந்து நிக்கலையா நானு?"

ஹமீது பையைக் கால்களுக்கு நடுவே இறுக்கிப் பிடித்தான். சட்டைப் பைக்குள் முட்டை நெஞ்சுச் சூட்டில் இன்னொரு தடவை வெந்துகொண்டிருந்தது. அசைந்தால் நசுங்கும். நசுங்கினால் உதிரும். மூச்சைக்கூட வயிற்றால்தான் விட்டான்.

பதினொன்றரைக்கு மேல் மாமனாரின் பேச்சு மாறியது. முதலில் தியாகராசன் மேல் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார். பிறகு பேச்சே நின்றது. காற்று வீசிக்கொண்டிருந்தும் அவர் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. தண்ணீர் டம்ளரை எடுத்த கை நடுங்கிச் சட்டையெல்லாம் சிந்தியது.

ஹமீது இதைப் பார்த்திருக்கிறான். மாலில் ஒரு தடவை வாசல் பக்கத்திலேயே ஒரு கிழவர் இப்படித்தான் சாய்ந்தார். வருடத்துக்கு இரண்டு தடவை கம்பெனியில் இதற்கு வகுப்பும் எடுப்பார்கள்.

"மாமா, சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"ம்... சஹர் நேரத்துல... உங்க மாமி குடுத்தா..."

"சாப்பிடாமயா?"

நோன்புக் காலத்துப் பழக்கம். அந்த நேரத்துக்கு மெஹராஜ் பேகத்தின் கை தானாக மாத்திரையை நீட்டியிருக்கிறது. இவர் கையும் தானாக வாங்கிப் போட்டிருக்கிறது. சாப்பாட்டை மட்டும் வேண்டாம் என்றிருக்கிறார். வெறும் வயிற்றில் மாத்திரை சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிட்டது.

ஜலீலின் தலை ஒரு பக்கமாகச் சரிந்தது.

ஹமீது துள்ளி எழுந்தான். பை உதைபட்டுக் கவிழ்ந்தது. ஐந்து முட்டை மேடையில் உருண்டு, ஒன்றன்பின் ஒன்றாகப் படியிறங்கி, நிருபரின் காலடியில் போய் நின்றன.

நிருபர் கேமராவைத் தூக்கினார்.

"முட்டைய அப்புறம் பாருங்க! சீனி கொண்டாங்க! சீனி!" ஹமீது கத்தினான். மேடையை நோக்கி ஓடிவந்த கூட்டத்தைப் பார்த்து அவன் இரண்டு கையும் தானாக உயர்ந்தது. "எல்லாரும் பின்னாடி போங்க! கிட்ட வராதீங்க! காத்து வரட்டும்! வழி விடுங்க!"

கூட்டம் அப்படியே நின்றது. அந்தக் குரலைக் கேட்டால் யாருக்கும் நிற்கத்தான் தோன்றும்.

ஜெசிமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ராசம்மாள் கடைக்குள் பாய்ந்தாள். கை நிறையச் சீனியோடு வந்தாள். டம்ளரில் கொட்டி, விரலாலேயே கலக்கி நீட்டினாள். ஹமீது மாமனாரின் தலையை நிமிர்த்திப் பிடித்து வாயருகே கொண்டுபோனான்.

ஜலீல் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார்.

"குடிங்க மாமா."

"தியாகராசன்... பாக்குறான்."

"அத்தா!" என்று ஜெசிமா அவர் தோளை உலுக்கினாள்.

"அஞ்சு மணி... ஆகல..."

அப்போதுதான் ஒரு கை குறுக்கே வந்து டம்ளரைப் பிடுங்கியது. தியாகராசன். அண்ணாந்து மடக் மடக்கென்று பாதி டம்ளரை அத்தனை பேரும் பார்க்கக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"நான் தோத்துட்டேன் பாய். பாத்துக்கிட்டீங்கல்ல? இப்ப நீங்க குடிச்சா கேசு சமம். குடிக்காம செத்தீங்கன்னா, பதினஞ்சு வருஷமா நான் யாரோட மல்லுக்கட்டுறது? உங்க மருமகனோடயா? பாவம், அந்தப் புள்ளைக்கு அடங்கலுக்கும் பட்டாவுக்கும் வித்தியாசம் தெரியாது."

ஜலீலின் உதடு திறந்தது. மீதியை ஹமீது கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். இன்னொரு டம்ளர் வந்தது. கால் மணி நேரத்தில் வேர்வை அடங்கியது. கண் தெளிந்தது. மெஹராஜ் பேகம் மேடைக்குக் கீழே நின்று, புருஷனையும் மாத்திரையையும் தன் கையையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு அழுதார்.

"இன்னும் சீனி போட்டிருக்கலாம்," என்றார் ஜலீல்.

அப்போதுதான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் முட்டை நினைவும் வந்தது.

"சார்," என்று நிருபர் படியேறி வந்தார். "பெரியவங்க ரெண்டு பேரும் உயிர்க் காரணத்துக்காக முடிச்சுக்கிட்டாங்க. அது சரி. இந்த முட்டை யாருது?"

"என்னுது," என்றான் ஹமீது. "எக்சர்சைஸ் பண்ணிட்டு சாப்பிட வாங்குனேன். ஆனா சாப்பிடல."

"அத எப்படி நம்புறது?"

"நான் சொல்றேன்!" ராசம்மாள் கரண்டியோடு கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "என் கையால ஆறு முட்டை எண்ணிப் போட்டேன்." குனிந்து எண்ணினாள். முகம் மாறியது. "அஞ்சுதான் இருக்கு மாப்ள."

ஐம்பது பேர் பார்வையும் ஹமீதின் வாய் மேல் விழுந்தது.

அவன் மெதுவாகச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். ஆறாவது முட்டை வெளியே வந்தது. வெள்ளை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம், நடுவில் பஸ் டிக்கெட்டும் கதம்பப் பூவும்.

"ஆறும் சரி!" ராசம்மாள் கரண்டியை உயர்த்தினாள்.

பந்தல் வெடித்தது. சிரிப்பா, கைதட்டலா என்று பிரிக்க முடியவில்லை. "அப்ப இப்ப மிச்சம் இருக்கிறது மாப்பிள்ளை ஒருத்தர்தான்!" என்றார் தியாகராசன். "வாய்க்கிட்ட போன முட்டையத் திங்காதவரு! அவரு அஞ்சு மணி வரைக்கும் உக்காந்தா நம்ம உண்ணாவிரதம் நிக்கும். நாளைக்கு சர்வேயர் வந்தா, அதக் காட்டி நிப்போம்!"

நிருபர் மைக்கை அவனிடம் நகர்த்தினார். நோட்டைத் திறந்தார்.

"நாளைக்கு உங்க படம்தான் போடப் போறோம். பேரு?"

"அப்துல் ஹமீது."

"வயசு?"

"இருபத்தெட்டு."

"கூட்டத்த ஒரே சத்தத்துல நிறுத்துனீங்களே, எங்க கத்துக்கிட்டீங்க? துபாய்ல என்ன வேலை?"

ஒலிபெருக்கி நாலு கம்பத்திலும் கட்டியிருந்தது. ஜலீல் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, மருமகனுக்குப் பதில் தானே சொல்ல வாயெடுத்தார். "எழுதிக்கங்க தம்பி, துபாய்ல அவரு மேனே..."

"இல்ல மாமா."

ஜெசிமா சீனி ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள். நாளை ஜும்மா வரைக்கும் நேரம் இருக்கிறது. இங்கே, இந்த மைக்கில் சொல்ல வேண்டும் என்று அவளும் கேட்கவில்லை.

ஆனால் நாளை பேப்பரில் மேனேஜர் என்று வந்துவிட்டால், அப்புறம் அதை எந்த வாயால் மாற்றுவது?

"செக்யூரிட்டி," என்றான் ஹமீது. கம்பத்துக்குக் கம்பம் போய் ஒலித்தது. "மால்ல, வாசல்ல நிக்கிற செக்யூரிட்டி. மேனேஜர் இல்ல. கல்யாணத்துக்கு முன்னாடியே நான் சொல்லிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது."

மைக் லேசாக உய்யென்றது. மெஹராஜ் பேகத்தின் அழுகை பாதியில் நின்றது. நிருபரின் பேனா எழுதலாமா கூடாதா என்று நோட்டின் மேலேயே நின்றது.

பதினைந்து வருடத்தில் ஜலீலைக் குத்திக்காட்ட இப்படி ஒரு வாய்ப்பு தியாகராசனுக்குக் கிடைத்ததில்லை. அவர் காலி டம்ளரை உள்ளங்கையில் உருட்டினார். குனிந்து அதை நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

ஜலீல் மருமகனை ஏற இறங்கப் பார்த்தார். கதம்ப மாலையை, மஞ்சள் ஒட்டிய சட்டைப் பையை, கடைசியாகத் தன் தலையைத் தாங்கிப் பிடித்த கையை.

"மாப்ள."

"மாமா."

"பந்தல் முடிய அஞ்சு மணி. அது வரைக்கும் நாம ஒண்ணும் பேச வேணாம். உக்காருங்க."

குரலில் கோபம் இருந்ததா, இல்லையா? ஹமீதுக்கு மட்டுமில்லை, முப்பது வருடம் கூடக் குடித்தனம் நடத்திய மெஹராஜ் பேகத்துக்கே பிடிபடவில்லை.

மூன்றாவது நாற்காலியில் ஹமீது உட்கார்ந்தான். வயிறு உறுமியது. மைக்கை யாரும் அணைக்காததால் அதுவும் நாலு கம்பத்திலும் கேட்டது.

மணி பன்னிரண்டே கால்.